படத்தில் இல்லாத எண்ணெய்

லிங்கராஜபுரம், பெங்களூர்
14 ஜூன் 1998

என் செல்லத் தம்பி லாயிட்டுக்கு,

அக்கா சிந்தியா எழுதுகிறேன். மஸ்கட் சூட்டில் மூக்கிலிருந்து ரத்தம் வருதுன்னு எழுதியிருந்தாயே, நின்றதா? ஏசிக்கு நேராக மூஞ்சியை நீட்டிக்கொண்டு தூங்காதே. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மர்பி டவுனில் அம்மாவும் சுகம்தான். அந்தக் கேட்காத காது மட்டும் மழைக்காலம் வந்தால் வலிக்கிறதாம்.

ஒரு பெரிய சேதி. என் கதை சினிமா ஆகப்போகிறதுடா! ‘சங்கு ஊதும் கோட்டை’ நாலு புத்தகத்தையும் சேர்த்து ஒரே படம். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சமயத்தில் எடுக்கிறார்கள். உன்னோடு ஸ்கூலில் படித்த நோயல்தான் அசிஸ்டெண்ட் டைரக்டர். அவன்தான் என்னைத் தேடி வந்தான்.

டைரக்டருக்கு ஒரே ஒரு குறை. “மேடம், அரக்கன் அடிக்கிற சீன் எல்லாம் ஸ்வல்ப சாஃப்டா பண்ணிக்கலாமா?” என்கிறார். வாரரக்கன் அடிக்காமல் பின்னே என்ன செய்வான், தாலாட்டா பாடுவான்? சாயங்காலம் சங்கு ஊதினதும் அவன் கோட்டைக்குத் திரும்புவான், இடுப்பில் எருமைத்தோல் வாரோடு. முதல் புத்தகத்தில் கோட்டைத் தாயின் காதைக் கிழிக்கிறான். நாலாவதில் சின்னப் பெண் சுடர் கொதிக்கிற எண்ணெயை அவன் மூஞ்சியில் ஊற்றிக் கொல்கிறாள். என் கிளாஸ் பிள்ளைகள் அந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். அதில் கை வைத்தால் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிவிட்டேன். சரி மேடம், சரி மேடம்னு தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

•

மஸ்கட்
5 ஜூலை 1998

அக்காவுக்கு,

மூக்கு சரியாயிடுச்சு. முதுகுதான் வலிக்குது, சைட்ல எப்பவும் நின்னுட்டே வேலை. மாமாவையும் அம்மாவையும் கேட்டதா சொல்லு.

சினிமா சேதி கேட்டு ரூம்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. உன் புக்ஸ் நான் படிச்சதில்லக்கா. குழந்தைங்க புக்குதானேன்னு விட்டுட்டேன். அனுப்பி வை, சத்தியமா படிக்கிறேன்.

ஆனா அரக்கனைக் கொல்லத்தான் வேணுமா? சின்னப் பசங்க பாக்கற படம். பாவம், அவன் ஏதாவது சாபத்துல அப்படி ஆயிருக்கலாம் இல்ல?

இன்னொண்ணும் சொல்லணும். லீவுல வந்தப்போ கோலார் தங்கவயலுக்குப் போனேன். அங்க சிஸ்டருங்க நடத்தற முதியோர் இல்லத்துல அப்பாவைப் பார்த்தேன். ஹெர்பர்ட்னு பேர் சொன்னதும் கூட்டிட்டுப் போய் காட்டினாங்க. மில்லு பாய்லர் வெடிச்சு வெந்த கன்னம் அப்படியே இருக்கு. என்னைப் பார்த்ததும் கையைப் புடிச்சிட்டு அழுதாரு. எனக்கு அப்பான்னா ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு. நான் மாவு டிரம்முக்குள்ள ஒளிஞ்சிருப்பேன், அவரு என் பேரைக் கூப்பிட்டுட்டே வீடு பூரா தேடுவாரு. கண்ணாமூச்சி. அதைச் சொன்னேன், இன்னும் அழுதாரு.

கடைசி காலத்துல அவரு வீட்டோட இருக்கணும்க்கா. அம்மாவுக்கும் ஒரு துணை. யோசிச்சு எழுது.

உன் தம்பி
லாயிட்

•

லிங்கராஜபுரம்
26 ஜூலை 1998

லாயிட்,

முதுகுக்குத் தைலம் தேய். இங்கே எல்லாரும் நலம், நலமாகவே இருக்க விரும்புகிறோம்.

யோசிக்க ஒன்றுமில்லை. அந்த ஆள் வரக்கூடாது. வாசப்படி மிதிக்கக்கூடாது. உனக்கு அப்போது நாலு வயது, எனக்குப் பதினொன்று. உனக்கு என்ன தெரியும்? ஏன் எதற்குன்னு கேட்காதே. அம்மா உனக்குச் சொல்லக்கூடாதுன்னு என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளே சொன்னால் சொல்லட்டும்.

புத்தகங்கள் நாலையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தைகள் புத்தகமாம்! படிடா, படித்துவிட்டு அப்புறம் அரக்கனுக்குப் பரிந்து பேசு.

சிந்தியா

•

மஸ்கட்
20 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்ல. புக்ஸ் வந்துடுச்சு. ஓவர்டைம் முடிஞ்சு வந்தா கண்ணு சொக்குது, அட்டையைத்தான் பார்த்தேன், படம் சூப்பரா இருக்கு.

கோவப்படாம படி. நான் அம்மாவுக்கு நேரா எழுதிக் கேட்டேன். “நீ ஆசைப்பட்டா வரட்டும்ப்பா” ன்னு பதில் போட்டுட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை நோயல் கார் வெச்சு அப்பாவை மர்பி டவுன்ல கொண்டுபோய் விட்டுட்டான். பூசைக்கெல்லாம் ஒழுங்கா போறாராம். அறுபத்தாறு வயசுக்கா. அந்தக் கையில இனிமே என்ன பலம் இருக்கப்போவுது?

ஒருவாட்டி போய்ப் பாரு. எனக்காக.

லாயிட்

•

லிங்கராஜபுரம்
16 நவம்பர் 1998

லாயிட்டுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. மர்பி டவுனுக்கும் போகவில்லை. அம்மா சம்மதித்துவிட்டாள் என்று அறிந்த அன்றைக்கே, அந்த ஆள் இருக்கிற வரைக்கும் வர மாட்டேன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறுதான் எரிகிறது.

குழந்தைகள் தினத்தன்று படத்தைப் போட்டார்கள். பார்த்தேன்.

கேட்டுக்கொள். புத்தகத்தில் அரக்கன் கோட்டைத் தாயைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்தூணில் மோதுவான். காதிலிருந்து வழிகிற ரத்தத்தைச் சுடரின் தம்பி துளி தன் சட்டையால் துடைப்பான். படத்தில் அரக்கன் தும்முகிறான், பானைகள் உடைகின்றன, தியேட்டரே சிரிக்கிறது. புத்தகத்தில் பக்கத்துக் கோட்டைக்காரிகள் கேட்கும்போதெல்லாம் தாய், “கிணற்றடியில் வழுக்கிட்டேன்” என்பாள். கையொடிந்தாலும் அதுதான், பல் விழுந்தாலும் அதுதான். படத்தில் அந்தத் தாய்க்கு ஒரு வசனம் கூட இல்லை. பூப்பறித்துக்கொண்டே இருக்கிறாள். புத்தகத்தில் எண்ணெய். படத்தில் துளி ஓடிப்போய் அரக்கனைக் கட்டிக்கொள்கிறான், சாபம் தீர்கிறது, அரக்கன் தாடி வைத்த நல்ல ராஜாவாகி அழுகிறான். சுடர் ஓரமாக நின்று கைதட்டுகிறாள். என் சுடர் கைதட்டுகிறாளடா!

நடுவில் ஒரு கண்ணாமூச்சிப் பாட்டு. துளி மாவு டிரம்முக்குள் ஒளிந்திருக்கிறான், அரக்கன் பேர் சொல்லித் தேடுகிறான், ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். வெளியே போய் நோயலின் சட்டையைப் பிடித்தேன். அவன் சொன்னான்: “எல்லாம் லாயிட் ஐடியாதான்க்கா. முடிவும் அவன் சொன்னதுதான். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல மாத்திக்கலாம்னு இருக்கே.”

இன்டர்வலில் அந்த ஆளையும் பார்த்தேன். நோயல் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மா அந்த ஆள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்ததும் தேம்பித் தேம்பி அழுதான். சுற்றி நின்றவர்கள் எல்லாம், பாருங்க, எவ்வளவு இளகின மனசுன்னு அவன் தோளைத் தட்டினார்கள். யாரோ காபி கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

என் புத்தகத்தைத் தின்றுவிட்டாய். இனிமேல் எனக்கு எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

சிந்தியா

•

மர்பி டவுன், பெங்களூர்
29 நவம்பர் 1998

என் ராஜா லாயிட்டுக்கு அம்மா பிரிஜெட் எழுதறது.

மாதா புண்ணியத்துல நீ நல்லா இருக்கணும். வேளாவேளைக்கு சாப்பிடறியா? இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சு. உங்க அப்பா நல்லா இருக்காரு, பசியெல்லாம் நல்லா எடுக்குது. படம் பார்த்ததுல இருந்து எல்லாரும் ரோட்ல நிறுத்தி அவருகிட்ட பேசறாங்க. அவருக்கு சந்தோஷம்.

எழுத்து கோணலா இருக்குதுன்னு பயப்படாத. பாத்ரூம்ல வழுக்கிட்டேன், இடது கையில கட்டு போட்டிருக்கு. பேப்பரைப் புடிச்சிக்க முடியல, நகருது. அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு கல்கல் பலகாரம் சுடணும். பத்தாம் தேதிக்கு மேல ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அக்கா வரமாட்டேங்கறா. நீ ஒண்ணும் கேக்காத.

அம்மா

•

மஸ்கட்
9 டிசம்பர் 1998

அக்கா,

எழுதாதன்னு சொன்ன. எழுதறேன். எங்க கம்பெனி ஹரிஷ்குமார் இன்னைக்கு பிளேன்ல வர்றான், உன் கையிலயே குடுக்கச் சொல்லியிருக்கேன். உன் ஸ்கூலுக்கு போன் பண்ணிப் பார்த்தேன், யாரும் எடுக்கல. நோயல் மெட்ராஸ்ல இருக்கான்.

உன் லெட்டர் வந்தப்புறம் ரோஷத்துலதான் புக்கை எடுத்தேன். நாலையும் ரெண்டு வாரமா படிச்சேன். நேத்து அம்மா லெட்டர் வந்துச்சு. பாத்ரூம்ல வழுக்கிட்டேன், கையில கட்டுன்னு போட்டிருக்காங்க. அம்மா பாத்ரூம்ல தண்ணியே நிக்காதேக்கா, சொரசொரப்பா நான்தானே சிமெண்ட் போட்டுக் குடுத்தேன்.

மறுபடியும் மூணாவது புக்கை எடுத்தேன். அரக்கன் வாரைத் தரையில சொடுக்கிட்டே “துளி, துளி”ன்னு கூப்பிட்டுட்டு கோட்டை பூரா தேடறான். துளி மாவுக் குதிருக்குள்ள இருக்கான். எங்கன்னு சொல்லு, சொல்லுன்னு தாயோட மணிக்கட்டைப் புடிச்சு முறுக்கறான். அவ சொல்லமாட்டேங்கறா. எலும்பு உடையற சத்தம் குதிருக்குள்ள கேக்குது. துளி அதை ஏதோ முறுக்கு கடிக்கற சத்தம்னு நெனச்சிக்கறான்.

அக்கா, அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கு.

நான் அதைக் கண்ணாமூச்சின்னு நோயல்கிட்ட சொன்னேன். அவன் பாட்டாக்கிட்டான். ஊரே விசிலடிச்சுது. என்னை எதால அடிக்கறியோ அடி. இப்ப உடனே மர்பி டவுனுக்குப் போ. உன் காலைப் புடிச்சிக் கேக்கறேன், போ.

லாயிட்

•

லிங்கராஜபுரம்
20 டிசம்பர் 1998

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா என் வீட்டில் இருக்கிறாள். முதலில் அது. மூச்சு விட்டுக்கொள்.

ஹரிஷ்குமார் பள்ளிக்கூடத்துக்கே வந்து கடிதத்தைக் கொடுத்தான். அப்படியே கட்டின புடவையோடு பஸ் ஏறிப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சீப்பின் பல்லில் மாவை வைத்து அழுத்திக் கல்கல் சுருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பெரிய வாணலி, எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆள் நாற்காலியில். நான், என்னம்மா இது கையிலன்னு கேட்டேன். “பாத்ரூம்ல...” என்று ஆரம்பித்தாள். கன்னத்தில் மஞ்சளும் நீலமுமாக வீங்கியிருந்தது, அதுவும் பாத்ரூமா?

அவனைப் பார்த்து, “துணியை எடுத்து மூட்டை கட்டு”ன்னு சொன்னேன். எழுந்தான். அவசரமே படவில்லை. பெல்ட்டை உருவினான். உனக்குச் சொல்கிறேன் லாயிட், அந்தக் கையில் பலம் இருக்கிறது. முதல் அடி முகத்தை மறைத்த முழங்கையில். இரண்டாவது அடியில் பக்கிள் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. கொண்டையைப் பிடித்து அலமாரியில் தலையை மோதினான். “கதை எழுதறியா? என்னைப் பத்தி கதை எழுதறியா?” என்று கேட்டுக் கேட்டு மோதினான். படித்திருக்கிறான் பார், நீ படிப்பதற்கு முன்னாலேயே.

அவனைக் கொல்வதற்கு நாலு புத்தகம் எழுதினவள் நான். சுவரோடு ஒண்டிக்கொண்டு கையால் தலையை மூடிக்கொண்டேன்.

எண்ணெய் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் அவன் போய்விட்டான். பக்கத்து வீட்டுக் கிளாரன்ஸ் அங்கிள் எங்களை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்குப் புருவத்தில் தையல். அம்மா கையை மறுபடி சரியாக வைத்துக் கட்டினார்கள்.

நீ அழாதே. படுத்துத் தூங்கு.

அக்கா

•

மஸ்கட்
2 ஜனவரி 1999

அக்காவுக்கு,

புருவம் எப்படி இருக்கு? தையல் பிரிச்சாச்சா? எனக்கு இங்க கிறிஸ்துமஸும் இல்ல ஒண்ணும் இல்ல, ரூம்லயே கெடந்தேன்.

எண்ணெய் கொதிச்சுது, அப்புறம் போயிட்டான்னு எழுதியிருக்க. நடுவுல என்னக்கா? உன்னை அப்படி அடிச்ச ஆளு சும்மா எதுக்குப் போவான்?

நானே சொல்லிக்கறேன். அவன் கன்னம் பாய்லர்ல வெந்தது இல்ல. நாலாவது புக்குல இருக்கறதுதான். அன்னைக்கு ஊத்தினது நீ. பதினொரு வயசுல. நீதான் சுடர். இத்தனை வருஷம் அதை நெஞ்சுல வெச்சிட்டு எனக்கு அன்பு முத்தம்னு லெட்டர் எழுதியிருக்க. நான் உன் கையாலேயே உன்னைக் கைதட்ட வெச்சிட்டேன். எனக்கு மன்னிப்பே கெடையாது.

உண்மையைச் சொல்லுக்கா. நீதானே?

லாயிட்

•

லிங்கராஜபுரம்
17 ஜனவரி 1999

என் ராஜாவுக்கு அம்மா எழுதறது.

கை கூடிடுச்சு. மழை விட்டதுனால காதும் வலிக்கல. அக்கா புருவத்துல தழும்பு இருக்கு, ஆனா அவ மூக்கு மேல கோவம் வந்தா அதுவும் தூக்கிக்குது, பார்க்க சிரிப்பா இருக்கு. உன் லெட்டரை அவ படிச்சிட்டு மேஜை மேல வெச்சிட்டுப் போயிட்டா. பதில் எழுதல. நீயே எழுதிக்கோம்மான்னா. அதான் எழுதறேன்.

அவ இல்லப்பா. அன்னைக்கு அவ கட்டிலுக்கு அடியில பாவாடையெல்லாம் நனைச்சிட்டுக் கெடந்தா. சின்னப் பொண்ணு, அவ என்ன செய்வா? அதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் என் மணிக்கட்டை உடைச்சாரு. அன்னைக்கும் கல்கல் சுட்டுட்டு இருந்தேன். மில்லு சங்கு ஊதுச்சு. வந்ததும் பெல்ட்டை உருவினாரு. என்னை அடிச்சார்னா வாங்கிட்டுத்தான் இருந்திருப்பேன், பழகிப்போச்சு. “பையன் எங்க”ன்னாரு. வாணலியைத் தூக்கி ஊத்திட்டேன்.

தோலு உரிஞ்சு தொங்கிச்சு. அவரு போட்ட கூச்சல்ல தெருவே வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதுக்கு, மில்லுல பாய்லர் வெடிச்சுதுன்னாரு. பொண்டாட்டி ஊத்தினான்னு சொல்ல வெக்கம். என்னை வழுக்கிட்டேன் வழுக்கிட்டேன்னு சொல்ல வெச்ச மனுஷன், தன் வாயால பொய் சொல்லிட்டு அப்படியே ஊரை விட்டுப் போனாரு. நான் பெட்டுக்குப் பக்கத்துல நின்னுட்டு, ஆமாங்க டாக்டர், பாய்லர்தான்னேன்.

அக்கா முதல்ல அந்தக் கோட்டைத் தாய்தான் ஊத்தறதா எழுதியிருந்தா. மெட்ராஸ்ல புக்கு போடறவங்க, ஒரு அம்மா அப்படிச் செய்யறதா எழுதினா பசங்க மனசு கெட்டுடும்னாங்களாம். அழுதுட்டே வந்து கேட்டா. பசங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்கோடீன்னு நான்தான் சொன்னேன். அதனால படத்துக்கு நீ மாத்தினதுக்கு மட்டும் ரொம்ப மனசை ஒடிச்சிக்காத. என்னைக் கதையில இருந்து முதல்ல எடுத்துப் போட்டது புக்குலதான்.

இந்தத் தடவை நடுவுல என்னன்னு கேட்டியே. அக்கா தலையை மோதிட்டு இருந்தாரு. நான் ஒத்தைக் கையால வாணலியோட காதைத் துணியில புடிச்சு எழுந்து நின்னேன். பாதி எண்ணெயை அவரு கால்கிட்ட கொட்டினேன். தரையில சுர்ருன்னு புகைஞ்சுது, விரல்ல தெறிச்சிருக்கும் போல, குதிச்சாரு. “மீதி இருக்கு”ன்னேன். அவரு கை தானா கன்னத்துக்குப் போச்சு. பெல்ட்டை அங்கயே போட்டுட்டு செருப்பு கூட இல்லாம போயிட்டாரு. தங்கவயலுக்கே போயிட்டாராம். அங்க சிஸ்டருங்களுக்கு விஷயத்தை எழுதிப் போட்டுட்டேன், பொம்பளைங்க இருக்கற இடம், ஜாக்கிரதையா இருங்கன்னு.

ஏன் வரச் சொன்னேன்னு அக்கா கேட்டுட்டே இருக்கா. நீ ஆசைப்பட்ட. உனக்குன்னு ஒரு அப்பா ஞாபகம் இருந்துச்சு, அதைப் புடுங்க எனக்கு மனசு வரல. அந்தக் கண்ணாமூச்சியைக் கேட்டு நான் ஒண்ணும் சொல்லாம இருந்தது தப்பு. உன்னை அந்த டிரம்முல உக்கார வெச்சு மூடியைச் சாத்தினது நான்தான். “இது விளையாட்டு ராஜா, சத்தம் போடக்கூடாது, சிரிக்கக்கூடாது”ன்னு சொல்லி மூடுவேன். நீ அப்படியே நம்பிட்டு சிரிப்பை அடக்கிட்டு உக்காந்திருப்ப.

கல்கல் ஒரு டப்பா அனுப்பியிருக்கேன். அவரு போன மறுநாள் அக்கா வீட்டுல மீதி மாவைச் சுட்டது. கொஞ்சம் கருகியிருக்கும், பொறுக்கிப் போட்டுட்டு சாப்பிடு.

உன் அம்மா
பிரிஜெட்